பையில் தேடாத கை: கருவிகளைச் சுமப்பது பற்றிய கேள்வி-பதில்

வயரிங் வேலைக்கு வந்து 31 வருஷம் ஆகிறது. அப்பா தச்சர் என்பதால் கருவிகளோடு பழக்கம் அதற்கும் முன்பே உண்டு. எந்தக் கருவி வாங்கலாம் என்று கேட்டு நிறையக் கடிதம் வரும். வாங்கியதை எப்படிச் சுமப்பது என்று யாரும் கேட்பதில்லையே என்ற ஏக்கம் எனக்கு வெகுநாளாக இருந்தது. இந்த முறை அதுவே கேள்வியாக வந்திருக்கிறது.

எலக்ட்ரீஷியனிடம் ஹெல்பராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, ஐயா. பெல்ட் பவுச் வாங்கினேன். எல்லாவற்றையும் அதில் போட்டால் இடுப்பு வலிக்கிறது, பேன்ட்டும் இறங்குகிறது. எதை எங்கே வைப்பது? (மதுரை)

தம்பி, பவுச்சில் உள்ளதையெல்லாம் ஒரு துணியில் கொட்டுங்கள். இரண்டு நாள் வேலையைக் கவனித்து, ஒரு நாளில் பத்துத் தடவைக்கு மேல் கைக்கு வருவது எது என்று பாருங்கள். வீட்டு வயரிங்கில் பெரும்பாலும் இவைதான் மிஞ்சும்: கட்டிங் பிளேயர், ஆறு அங்குலத் திருப்புளி, டெஸ்டர், வயர் ஸ்ட்ரிப்பர், இன்சுலேஷன் டேப், அளவு டேப், பென்சில். இடுப்புக்கு இவை போதும். சுத்தியலும் உளியும் சுவரில் காடி வெட்டுகிற நாளைக்கு மட்டும். ஸ்பானர் செட், நோஸ் பிளேயர், ஹாக்ஸா எல்லாம் தரையில் இருக்கும் பெட்டிக்குப் போகட்டும்.

அடுத்தது இடம். வலது கைப் பழக்கமென்றால் பிளேயரும் திருப்புளியும் வலது பக்கம், டேப் வகைகள் இடது பக்கம். ஏணியில் நிற்கும்போது ஒரு கை எப்போதும் ஏணியைப் பிடித்திருக்கும். மற்றக் கை கண்ணின் உதவியில்லாமல் கீழே போய்ச் சரியான பிடியைத் தொட வேண்டும். அதனால் இன்று ஒரு இடம், நாளை ஒரு இடம் என்று மாற்றாதீர்கள். ஒரு மாதம் ஒரே இடத்தில் வைத்தால் கை தானாகப் போகும். ரோட்டுக்கடை மாஸ்டர் உப்பு டப்பாவைப் பார்க்காமலே கைவிட்டு எடுப்பதைக் கவனித்திருப்பீர்கள், அதே பழக்கம்தான்.

பெல்ட் இரண்டு அங்குலமாவது அகலம் இருக்கட்டும். வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி கட்டுங்கள். அப்படியும் பாரம் உறுத்தினால் தோளில் மாட்டும் பட்டை தனியாகக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஒன்று, முதுகுக்கு நேர் பின்னால் எதுவும் வேண்டாம். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம், பின் பாக்கெட்டில் திருப்புளியைச் செருகிக்கொண்டு ஏணியில் நாலு படி ஏறியிருந்தேன். ஏணி சறுக்கி மல்லாக்க விழுந்தேன். உயரம் ஒன்றுமில்லை. ஆனால் திருப்புளியின் பிடி முதுகெலும்புக்கு இரண்டு விரல் தள்ளிக் குத்தியது. பதினெட்டு நாள் படுக்கை. அந்த இரண்டு விரல் இடைவெளியை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொன்று சட்டைப் பாக்கெட்டில் டெஸ்டர். நம் ஊரில் எலக்ட்ரீஷியனுக்கு அதுதான் அடையாளம் என்று ஆகிவிட்டது. குனிந்து பேனலுக்குள் பார்க்கும்போது அது நழுவி, மின்சாரம் ஓடும் உலோகப் பட்டையான பஸ்பாரில் விழுந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்துக்கு எதிரே நெருப்பு வெடிக்கும். டெஸ்டருக்கு மூடியுள்ள தனிப் பை இருக்கட்டும், இடுப்பில்.

உளிகளை ரெக்ஸின் பையில் போட்டு எடுத்துப் போகிறேன். தீட்டிய முனை மறுநாளே மழுங்கிவிடுகிறது. (நாகர்கோவில், தச்சு வேலை)

இரும்போடு இரும்பு மோதினால் வேறென்ன ஆகும்? ஒரு மணி நேரம் சாணை பிடித்த உழைப்பு பஸ்ஸின் ஒரு குலுக்கலில் போய்விடும். உங்களுக்கு வேண்டியது பை அல்ல, சுருள் துணி. என் அப்பா கோணிச் சாக்கைக் கிழித்துத் தானே தைத்துக்கொண்டார். இப்போது தார்ப்பாய் தைக்கும் கடையிலோ, வண்டி சீட்டு தைக்கும் கடையிலோ கெட்டிக் கேன்வாஸில் தைத்துத் தருவார்கள்.

எட்டு உளிக்கு 60 செ.மீ. உயரம், 55 செ.மீ. அகலமுள்ள துணி போதும். கீழிருந்து 15 செ.மீ. மேலே மடித்து, ஐந்தரை செ.மீ.க்கு ஒரு தையலாக எட்டு அறை ஓட்டுங்கள், மிச்ச அகலம் ஓர மடிப்புக்கு. அகல உளி வைத்திருந்தால் அந்த ஓர் அறையை மட்டும் பெரிதாக்குங்கள். மேலே மிஞ்சும் துணியைப் பிடிகளின் மேல் மடித்த பிறகு சுருட்ட வேண்டும். அப்போதுதான் தலைகீழாகத் தூக்கினாலும் எதுவும் வழுக்காது. சுருட்டிக் கட்ட ஒரு மீட்டர் நாடா. தைப்பவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று: அறைகளின் அடியில் ஒரு தோல் பட்டை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் உளி துணியை அறுத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும்.

முனைக்கு உறையாகப் பழைய சைக்கிள் டியூபில் நாலு செ.மீ. துண்டு போதும். ரம்பப் பல்லுக்குத் தோட்டத்து ஹோஸ் பைப்பை நீளவாக்கில் கீறி மாட்டுங்கள். மூலைமட்டத்தை மட்டும் சுருளில் வைக்காதீர்கள். அழுத்தம் பட்டுக் கோணம் மாறிவிட்டால் அதன் பிறகு செய்யும் கதவெல்லாம் கோணல்தான்.

ஆணியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வது ஆபத்தா? (விழுப்புரம்)

ஆபத்துதான். தும்மல் வந்தால் ஆணி தொண்டைக்குள் போய்விடும். ரிப்பேர் கடையில் பழைய ஸ்பீக்கரின் வட்டக் காந்தம் கேட்டு வாங்கி, துணிப் பட்டையில் வைத்துத் தைத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ளுங்கள். இருபது ஆணி ஒட்டிக்கொண்டு நிற்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு இது வேண்டாம்.

சாரத்தில் நின்று வேலை செய்கிறோம். வாரத்துக்கு ஒரு கருவியாவது கீழே விழுகிறது. மேஸ்திரி திட்டுகிறார், வழி சொல்லுங்கள் அண்ணா. (ஓசூர்)

மேஸ்திரி திட்டுவது நியாயம். ஒரு கணக்கு சொல்கிறேன். பத்து மீட்டர் உயரம் என்றால் மூன்று மாடிக்குச் சற்று மேல். அங்கிருந்து நழுவும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அரைக்கிலோ சுத்தியல் அந்த வேகத்தில் சாந்துச் சட்டி சுமந்து வரும் சித்தாளின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கருவியைக் கட்டிப்போடுவதுதான் வழி. சுருள்சுருளாக நீளும் வார் கிடைக்கிறது. ஒரு முனை கருவியில், மறுமுனை பெல்ட்டில். கருவியில் ஓட்டை இல்லையே என்று பிளேயரின் பிடியில் டிரில் போடாதீர்கள். இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட் என்றும் குறித்த பிடியில் ஓட்டை விழுந்தால், மின்சாரத்துக்கு எதிரான காப்பு அத்தோடு தீர்ந்தது. பிடியின் மேல் வளையம் வைத்துச் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு இறுக்குங்கள். பெரிய பைப் ரெஞ்சு, டிரில் மிஷின் போன்ற இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எதையும் உடம்பில் கட்ட வேண்டாம். அது விழுந்தால் உங்களையும் இழுத்துக்கொண்டு போகும். அதைச் சாரத்தின் உறுதியான கம்பத்தில் கட்டுங்கள்.

மேலே ஏற்றுவதற்கு 20 லிட்டர் பெயின்ட் வாளியைப் பயன்படுத்துவீர்கள் என்று தெரியும். அதன் கம்பிக் கைப்பிடி மாட்டியிருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் பாருங்கள். வெயிலில் கிடந்த வாளியில் அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைக் கீறல் ஓடியிருக்கும். உடைவது அங்கேதான். கயிற்றை வாளியின் அடியைச் சுற்றிக் கொண்டுவந்து கட்டுங்கள், விளிம்புக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் நான் பெரிதும் மதிப்பது பனையேறிகளை. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி பக்கம் போனால் அவர்கள் இடுப்பில் அருவாப்பெட்டி தொங்குவதைப் பார்க்கலாம். பாளை சீவும் அரிவாள் முகச்சவரக் கத்தி மாதிரிக் கூர்மையானது. அதோடு காலையும் மாலையும் மரம் ஏறுகிறார்கள், இரண்டு கையும் மரத்துக்கே வேண்டும். பெட்டி விறைப்பாக இருப்பதால் கூர்முனை தொடையைத் தொடாது. ஏறும்போது உடம்போடு ஒட்டி நிற்கும், உச்சியில் கை இடுப்புக்குப் போனால் பிடி அங்கே இருக்கும். கடையில் விற்கும் எந்தப் பெல்ட்டை வாங்கும்போதும் நான் இதைத்தான் அளவுகோலாக வைத்துப் பார்ப்பேன்.

சோலார் பேனல் பொருத்தும் குழுவில் இருக்கிறேன். சுடிதாரில் டூல் பெல்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது. ஆண்கள் அளவுதான் கடையில் இருக்கிறது. (கோயம்புத்தூர்)

உங்கள் புகார் சரியானது. அந்தப் பெல்ட்டுகளைத் தடித்த பேன்ட்டையும் அதன் பட்டை வளையங்களையும் நம்பி வடிவமைக்கிறார்கள். உங்களுக்கு இரண்டு வழி சொல்வேன். பல பாக்கெட் வைத்த கையில்லாத மேல்சட்டையை உங்கள் அளவுக்குத் தைத்துக்கொள்வது ஒன்று, பாரம் தோளில் இறங்கும். இல்லையென்றால் இடுப்பில் ஒரு பட்டை, தொடையில் ஒரு பட்டை என்று இரண்டு இடத்தில் கட்டும் சின்னப் பவுச். சாய்ந்த கூரையில் குனிந்தாலும் அது முன்னால் ஊசலாடாது.

உங்கள் வேலைக்குக் கருவிகளும் குறைவுதான். எம்6 (6 மி.மீ.) போல்ட்டுக்கு 10 மி.மீ. ஸ்பானர், எம்8-க்கு 13, எலன் கீ, பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைக் கழற்றும் ஸ்பானர், கட்டர். வயர் முனையில் கனெக்டரை நசுக்கிப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் டூல் கனமானது, அது கூரையில் வாளியிலேயே இருக்கட்டும். சேஃப்டி ஹார்னஸின் தோள் வளையத்தில் எதையும் மாட்டாதீர்கள், அது உங்கள் உயிருக்கான வளையம். துப்பட்டாவைக் கீழேயே வைத்துவிட்டு ஏறுங்கள். டிரில் சுழலும் இடத்தில் அதன் ஒரு நுனி போதும்.

பிளம்பிங் வேலைக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகிறேன். முன்னால் காலடியில் பை வைத்தால் கால் வைக்க இடைஞ்சல். (தஞ்சாவூர்)

பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டியைக் கட்டுங்கள். ரப்பர் கயிறு மட்டும் போதாது. கொக்கி வைத்த பட்டை ஒன்றும் குறுக்கே வர வேண்டும். பைப் ரெஞ்சும் கனமான சாமான்களும் பெட்டியின் அடியில், சீட்டை ஒட்டி. டெஃப்லான் டேப், வாஷர், எல்போ போன்ற சின்னச் சாமான்கள் மேல் தட்டில், டப்பா டப்பாவாக. சால்வென்ட் சிமெண்ட் டின்னை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் மூடிய பெட்டிக்குள் அதன் ஆவி நிரம்பும், எளிதில் தீப்பற்றும். நிமிர்ந்து நிற்கும் தனி டப்பாவில் வெளியே வையுங்கள், வேலைக்குப் போனதும் நிழலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

கடலோரத்தில் வேலை. தோல் பவுச்சில் வைத்த கருவிதான் முதலில் துருப்பிடிக்கிறது, ஏன்? (தூத்துக்குடி)

தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். பதனிட்டபோது சேர்ந்த அமிலமும் உப்பும் அதில் கொஞ்சம் மிச்சமிருக்கும். உங்கள் ஊர்க் காற்றிலுள்ள உப்பும் கருவியில் படிந்து, காற்றின் ஈரத்தை இழுக்கும். பகலில் தோலில் வைக்கலாம், இரவில் அதிலேயே தூங்கவிடக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்த்தி, தையல் மிஷின் எண்ணெயை ஒரு துளி தடவுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பெட்டியில் பூட்டுவது இன்னும் மோசம். பையில் மரத்தூள் சேர்ந்திருந்தால் உதறிவிடுங்கள், அதுவும் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

வேலைக்காக அந்தமான் போகிறேன். கார்ட்லெஸ் டிரில்லை விமானத்தில் எடுத்துப் போகலாமா? (சென்னை)

போகலாம், பிரித்து எடுத்துப் போங்கள். டிரில், சுத்தியல், திருப்புளி, பிளேயர் எல்லாம் செக்-இன் பெட்டியில்தான். கைப்பையில் இருந்தால் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். கழற்றிய பேட்டரி அதற்கு நேர்மாறு, கைப்பையில்தான் வர வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணி, 100-க்குள் வருகிறது, தடையில்லை. அதே 18 வோல்ட்டில் 6 ஆம்பியர்-மணி என்றால் 108, அதற்கு விமான நிறுவனத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். உள்நாட்டில் செக்-இன்னுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான், வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள்.

சைட்டில் கருவி காணாமல் போய்க்கொண்டே இருக்கிறது. யாரையும் சந்தேகப்படவும் மனசு வரவில்லை. (சேலம்)

சந்தேகப்படாதீர்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிக் கருவிகள் திருட்டுப் போவதில்லை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல், ஜன்னல் விளிம்பில், மணல் குவியலுக்குள் கிடக்கும். வேலை முடிந்து இரண்டு நாள் கழித்துத் தேடுவதால்தான் கிடைப்பதில்லை.

பிடிகளில் ஒரே நிறத்தில் பெயின்ட் வளையம் போடுங்கள். நான் ஆரஞ்சு போடுவேன், மண்ணிலும் சிமெண்டிலும் பளிச்சென்று தெரியும். விமானம் பழுதுபார்க்கும் இடங்களில் ஸ்பாஞ்சுப் பலகையில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வெட்டி வைத்திருப்பார்கள். ஒன்று இல்லையென்றால் அந்தப் பள்ளமே காட்டிக்கொடுக்கும். என் பெட்டியின் மேல் தட்டில் ரப்பர் பாய் வெட்டி அதையே செய்திருக்கிறேன். துணிப் பைக்கு அது ஒத்துவராது என்பதால் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் 14 என்று எழுதி வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஸ்விட்ச் போர்டு மூடும் முன் பையன்கள் சத்தமாக எண்ணுவார்கள். போன வாரம் 13-இல் நின்றது. அந்த டெஸ்டர் பாத்ரூம் லாஃப்டில் இருந்தது.