பழைய வீட்டுச் சுவரில் விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் வால்பேப்பரை எப்படி அகற்றுவது?

கிழக்கு லண்டனில் 1930-களில் கட்டப்பட்ட வீடொன்றை வாங்கியிருப்பதாகவும், அறைச் சுவர்களில் பலமுறை பெயின்ட் அடிக்கப்பட்ட சொரசொரப்பான வால்பேப்பர் இருப்பதாகவும், இரண்டு நாள் சுரண்டியும் நகக்கண் அளவுத் துண்டுகளே வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதன் மேலேயே புதுச் சாந்துப் பூச்சு பூசிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே காலத்து வீடொன்றில் நான்கு அறைகளையும் மாடிப்படிச் சுவரையும் நானும் என் கணவரும் எங்கள் கையாலேயே உரித்தோம் என்பதால், அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

முதலில் இரண்டாவது கேள்விக்கு: தயவுசெய்து தாளின் மேல் பூசாதீர்கள். புதுப் பூச்சின் ஈரம் பழைய பசையை இளக்கிவிடும். அதன் எடையோ இளகிய தாளைக் கீழே இழுக்கும். எங்கள் மாடிப்படிச் சுவரில் முன்பு யாரோ அப்படித்தான் செய்துவைத்திருந்தார்கள். பார்வைக்கு வழுவழுப்பாக இருந்த அந்தச் சுவரைத் தட்டினால் காலிப் பானையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. கடைசியில் தாளையும் பூச்சையும் சேர்த்தே எடுக்க வேண்டியதாயிற்று.

உங்கள் சுவரில் இருப்பது வுட்சிப் எனப்படும் தாள், அதாவது இரண்டு தாள்களுக்கு இடையே மரத்துகள்களை வைத்து அழுத்திய வகை. ஜெர்மனியில் ஹுகோ எர்ஃபுர்ட் என்னும் மருந்தாளர் 1864-இல் உருவாக்கிய இந்தத் தாளை, விரிசலும் மேடுபள்ளமுமான சுவர்களை மறைக்கும் மலிவான வழியாக, பிரிட்டனில் 1970-களில் வீடுதோறும் ஒட்டினார்கள். இதை ஒட்டப் பயன்பட்ட பசை பெரும்பாலும் மாவுப்பசையோ செல்லுலோஸ் பசையோதான். நம் ஊரில் மைதாவைக் காய்ச்சிப் போஸ்டர் ஒட்டுகிறோமே, ஏறக்குறைய அதே சங்கதி. மழையில் நனைந்த போஸ்டர் தானாகவே தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தப் பசை தண்ணீருக்கு இளகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் தாளின் மேல் நான்கைந்து முறை அடித்த பெயின்ட், மழைக்கோட்டைப் போலத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே உங்கள் எதிரி பசை அல்ல, பெயின்ட்தான். பசை வரைக்கும் தண்ணீர் போய்ச் சேர வழி செய்து, அது ஊறும்வரை காத்திருந்தால் சுரண்டும் தகடான ஸ்கிரேப்பருக்கு அதிக வேலை இருக்காது.

வேலையைத் தொடங்குமுன் ஆபத்துகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இங்கே 1960-களுக்கு முந்தைய பெயின்ட்களில் ஈயம் பரவலாக இருந்தது; பொதுமக்களுக்கான விற்பனை 1992-இல்தான் தடை செய்யப்பட்டது. எனவே பழைய பெயின்ட்டை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் வேலை நடக்கும் அறைப் பக்கமே அவர்களை விட வேண்டாம். ஈயம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பொருள்கள் பெயின்ட் கடைகளிலேயே கிடைக்கின்றன. அடுத்தது, சுவரிலோ கூரையிலோ சுழிசுழியாகவோ கூர்கூராகவோ ஆர்டெக்ஸ் வகைப் பூச்சு தெரிந்தால், அந்த இடத்தில் கை வைக்கவே கூடாது. 1980-களின் நடுப்பகுதி வரை அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருப்பது வழக்கமாக இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் இங்கே முழுமையாகத் தடை செய்யப்பட்டதே 1999-இல்தான். ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகு மற்றதை யோசிக்கலாம். சுவிட்சுகளும் பிளக் பாயின்ட்களும் உள்ள சுவரில் தண்ணீர் தெளிக்குமுன், அந்த அறைக்கான மின்சாரத்தை ஃபியூஸ் பெட்டியிலேயே நிறுத்திவிடுங்கள்.

பிறகு கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத ஒரு மூலையில் ஒரு முழம் அளவுக்கு உரித்துப் பார்த்து, தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். செங்கல் சுவரில் பூசிய கெட்டியான பூச்சு என்றால் கவலையில்லை. பிற்காலத்தில் தடுப்பாக எழுப்பிய ஜிப்சம் பலகையாக இருந்தால் எச்சரிக்கை தேவை, ஏனெனில் அந்தப் பலகையின் மேற்பரப்பே ஒரு தாள்தான். அதிகம் நனைத்தாலும் அழுத்திச் சுரண்டினாலும் இரண்டு தாள்களும் சேர்ந்தே கிழிந்து வரும். அங்கே பல மணி நேரம் போராடுவதைவிடப் பலகையையே மாற்றுவது சில சமயம் மலிவாக முடியும் என்பது என் கருத்து.

தரையில் பிளாஸ்டிக் விரிப்பும் அதன் மேல் பழைய போர்வையும் விரித்துவிட்டு, முள் சக்கரம் பொருத்திய துளையிடும் கருவியைச் சுவர் முழுவதும் மெதுவாக உருட்டுங்கள். பெயின்ட் கிழிந்தால் போதும், பூச்சில் துளை விழக் கூடாது. வாளி நிறைய சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது கலந்துகொள்ளுங்கள். அது தண்ணீரைத் துளித்துளியாக வழிய விடாமல் பரவி உள்ளிறங்கச் செய்யும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் தெளிப்பானைப் புதிதாக வாங்கி, சுவரை மேலிருந்து கீழாக நனைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும், அதன் பிறகு இன்னொரு முறையும் நனையுங்கள். நாங்கள் நனைத்த சுவரின் மேல் சமையலறையில் உணவை மூடும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்து ஒரு மணி நேரம் விட்டோம். ஈரம் காற்றில் போகாமல் உள்ளேயே இறங்கியதால், முதல் நாள் நகக்கண் அளவில் வந்த தாள் அன்று உள்ளங்கை அளவில் வந்தது. அந்த மகிழ்ச்சியை அனுபவித்தால்தான் தெரியும்.

அதற்கும் மசியாத இடங்களுக்கு மட்டும், தட்டு வழியே நீராவி பாய்ச்சித் தாளை இளக்கும் ஸ்டீமர் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். அதன் தட்டை ஓரிடத்தில் அரை நிமிடம் வைத்து, பக்கத்து இடத்துக்கு நகர்த்திவிட்டு, முதல் இடத்தைச் சுரண்ட வேண்டும். பொறுமையிழந்து ஒரே இடத்தில் நீண்ட நேரம் வைத்தால் பூச்சு சுவரை விட்டுக் கழன்றுவிடும். எங்கள் படுக்கையறைக் கூரை மெல்லிய மரச்சட்டங்களின் மேல் பூசப்பட்டது. அங்கே நான் நீராவியைச் சற்றே அதிக நேரம் காட்டியதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து, என் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. அதனால் கூரைக்கு ஸ்டீமரே வேண்டாம், தண்ணீரும் நேரமும் போதும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். சுவரில் பயன்படுத்தும்போதும் கொதிநீர் கை வழியே முழங்கைக்கு வழியும்; நீளமான கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் அணியுங்கள்.

மூன்று அங்குல அகலமுள்ள ஸ்கிரேப்பரே கைக்கு வாகாக இருந்தது. அதன் இரு முனைகளையும் சற்று மழுக்கிவிட்டு, சுவரோடு ஏறக்குறைய படுத்தாற்போல் பிடித்துத் தள்ள வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் பூச்சில் கீறல் விழும், பிறகு பட்டி பார்த்தே கை ஓய்ந்துவிடும்.

தாள் போன பிறகு பலரும் செய்யும் தவறு, உடனே பெயின்ட்டைத் திறப்பதுதான். ஈரக் கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் பசை இன்னும் இருக்கிறது என்று பொருள். அந்தப் பசையின் மேல் அடிக்கும் எமல்ஷன், சில வாரங்களில் வறண்ட குளம்போல் வெடித்துச் செதில் செதிலாக உரியும். வெந்நீரும் ஸ்பாஞ்சும் கொண்டு, தண்ணீரை அடிக்கடி மாற்றி, கையில் வழுக்கல் தெரியாமல் போகும் வரை கழுவுங்கள். எங்களுக்கு ஓர் அறைக்கு ஏழெட்டு வாளித் தண்ணீர் ஆனது. பிறகு சன்னல்களைத் திறந்துவைத்துச் சில நாள் நன்றாக உலரவிட்டு, விரிசல்களை அடைத்து, மூன்று பங்கு மேட் எமல்ஷனுக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்த்த நீர்த்த பூச்சை முதல் கோட்டாக அடியுங்கள். சுவர் அதை உறிஞ்சிக்கொண்டால்தான் மேலே வரும் கோட்டுகள் பிடிக்கும்.

எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் தொடங்காமல், இருப்பதிலேயே சிறிய அறையின் ஒரு சுவரை மட்டும் முதலில் முழுவதுமாக முடியுங்கள். எங்களுக்கு முதல் அறை நான்கு நாள் எடுத்தது. எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பது கைக்குப் பழகிய பிறகு, அதைவிடப் பெரிய கடைசி அறை ஒன்றரை நாளில் முடிந்தது.