எஞ்சினப் பிரிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க தம்பி

சிங்கப்பூர் உபி வட்டாரத்துல ஒரு டீலர்கிட்ட ஏழு வருஷ பழைய கார் வாங்கி நாலு மாசம் ஆச்சு, இழுவை இல்ல, நீலப்புகை வருது, வொர்க்‌ஷாப்ல கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அழுத்தம், பாத்தா மூணு சிலிண்டர்ல 170 பிஎஸ்ஐ சுத்தி நிக்குது, ஒண்ணுல மட்டும் 95, எஞ்சினப் பிரிச்சு ஓவர்ஹால் பண்ண 6,500 வெள்ளி ஆகும்னு சொல்றாங்க, டீலரோ "வாங்கறப்பவே உள்ளது உள்ளபடின்னு கையெழுத்து போட்டுட்டீங்களே"ங்கிறாரு, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க.

அந்தக் கையெழுத்த நினைச்சு பயப்படாதீங்க. கோளாறான பொருள் வாங்கினவங்களுக்குப் பாதுகாப்பு தர்ற லெமன் லா 2012 செப்டம்பர்லேருந்து இருக்கு, பழைய காருக்கும் உண்டு, எழுதி வாங்கிட்டதால அந்த உரிமை போயிடாது. டெலிவரி எடுத்து ஆறு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா அது வாங்கறப்பவே இருந்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும், இல்லன்னு டீலர்தான் நிரூபிக்கணும். ஆனா இன்வாய்ஸ்ல விக்கிறவர் யாருன்னு பாருங்க, டீலர் சும்மா இடைத்தரகரா நின்னு இன்னொரு தனியாள் காரை வித்துக் குடுத்திருந்தா இந்தச் சட்டம் உதவாது, நிறைய பேரு மாட்டறது இங்கதான்.

இப்ப ஆதாரம். அந்த 95 சிலிண்டர்ல கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு திரும்பப் பாக்கச் சொல்லுங்க. நல்லா ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறலன்னா வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. சிலிண்டருக்குள்ள காத்த அடிச்சு எங்க கசியுதுன்னு பாக்கற லீக் டவுன் டெஸ்ட்ல காத்து ஆயில் மூடி வழியா உஸ்ஸுன்னு வந்தா ரிங், சைலன்சர்ல வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டர்ல குமிழி வந்தா கேஸ்கெட். வக்கீலான எனக்கு எதுக்கு இந்த மெக்கானிக் வேலைன்னா, ரிங் தேய்மானம் பெரும்பாலும் நாலு மாசத்துல வர்றதில்ல, உங்க பக்கம் பலம். கேஸ்கெட்னா "நீங்கதான் தண்ணி இல்லாம ஓட்டி சூடாக்கினீங்க"ன்னு டீலர் வாதாடுவாரு. பழைய வண்டிக்கு தேய்மானம் சகஜந்தான்னும் சொல்வாரு, வயசும் விலையும் கணக்குல வரும், அதனால இந்த ஒண்ணு மட்டும்தான் கெட்டிருக்குன்னு காட்ட மத்த மூணு சிலிண்டர் ரீடிங்கும் ரிப்போர்ட்ல இருக்கணும்.

ரிப்போர்ட் எழுத்துல வாங்கி, வீடியோ எடுத்து, டீலருக்கு வாட்ஸ்அப்லயும் ஈமெயில்லயும் அனுப்பி, அவரு செலவுல ரிப்பேர் பண்ண தேதி குடுங்க. நீங்களே ஓவர்ஹால் பண்ணிட்டா ஆதாரமும் போச்சு, அவருக்கு வாய்ப்பே குடுக்கலங்கிற பேச்சும் வந்துடும். நியாயமான காலத்துல பண்ணலன்னாதான் விலைக் குறைப்போ, காரைத் திருப்பிக் குடுத்து பணமோ கேக்கலாம், ஓட்டின காலத்துக்குக் கழிச்சுத்தான் வரும். சிஓஇ, அதாவது கார் வச்சிருக்கறதுக்கான உரிமைச் சான்றிதழ், இன்னும் மூணு வருஷம்கூட பாக்கி இல்லாத வண்டிக்கு சொந்தக் காசு 6,500 போடறது எனக்கு சரியாப் படல.

மசியலன்னா பயனீட்டாளர் சங்கம், அப்புறம் சின்னத் தொகை வழக்குகள விசாரிக்கற ஸ்மால் க்ளெய்ம்ஸ் ட்ரிபியூனல், 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா 30,000. அங்க வக்கீல் உள்ள வர முடியாது, என் பொழப்புக்கு நஷ்டந்தான், உங்களுக்கு நல்லது. முழுப் பணமும் திருப்பி வேணும், தொகை அதுக்கு மேலன்னா வேற கோர்ட்டுக்குப் போகணும், அப்ப வாங்க பேசலாம்.