காபித் தண்ணீர் போகட்டும், ஃபிக்ஸரைப் பாருங்கள்

கேள்வி: தகர டப்பாவில் பின்ஹோல் கேமரா (லென்ஸுக்குப் பதில் ஊசித்துளை) செய்து, எங்கள் மாந்தோப்பில் என்னையே போட்டோ பேப்பரில் எடுக்க ஆசை. காபித்தூளில் டெவலப் செய்தால் ரசாயனமே இல்லை என்கிறார்கள். அந்தத் தண்ணீரை வாழைக்கு விடலாமா?

விட வேண்டாம். பேப்பரில் படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பராகக் காபி நல்ல வழிதான்; 1995-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழக வகுப்பறையில் உருவானது. வேலை செய்வது கஃபீன் அல்ல, காஃபிக் அமிலம். ஆனால் லிட்டருக்கு 40 கிராம் இன்ஸ்டன்ட் காபி, 16 கிராம் வைட்டமின் சி-யோடு 54 கிராம் சலவை சோடாவும் சேர்கிறதே! அந்தக் காரமும் சோடியமும் திரும்பத் திரும்ப இறங்கினால் மண் கெட்டுவிடும். நிறையத் தண்ணீர் கலந்து, வீட்டுச் சோப்புத் தண்ணீர் போகும் வழியில் விடுங்கள்.

உண்மையான சிக்கல், டெவலப் செய்த படத்தை அழியாமல் நிலைநிறுத்தும் கரைசலான ஃபிக்ஸர். பேப்பரில் ஒளி படாத வெள்ளி உப்பெல்லாம் அதில்தான் கரைகிறது. வெள்ளி மண்ணின் நுண்ணுயிர்களுக்கும் மீனுக்கும் கெடுதல். கிணற்றங்கரையில் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். ஒரே ஃபிக்ஸரைப் பல பேப்பர்களுக்குப் பயன்படுத்தலாம். அதன் வீரியம் தீர்ந்ததும் பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, முதல் அலசல் தண்ணீரையும் அதிலேயே சேர்த்து, இரும்பு நாரைப் போட்டுச் சில நாள் மூடி வையுங்கள். இரும்பு கரைய, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். பாத்திரம் தேய்க்கும் பளபள ஸ்டீல் நார் உதவாது, துருப்பிடிக்கிற நார்தான் வேண்டும். சேற்றை வெள்ளி உருக்குபவரிடம் கொடுங்கள். தெளிந்த நீரிலும் கொஞ்சம் வெள்ளி மிஞ்சும் என்பதால் அதுவும் தோட்டத்துக்கு ஆகாது. பக்கத்தில் எக்ஸ்ரே பிலிம் கழுவும் இடம் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளியே வேண்டாம் என்றால் மஞ்சள்தூள் சாற்றைப் பேப்பரில் பூசி வெயிலில் படம் பதிக்கும் முறை இருக்கிறது. ஆனால் அதற்கு நேர் வெயிலே மணிக்கணக்கில் வேண்டும், கேமராவுக்குள் நடக்காது.

அப்புறம், படம் எடுப்பது. 0.3 மில்லிமீட்டர் துளை, பேப்பருக்கு 8 சென்டிமீட்டர் தூரம் என்றால் நல்ல வெயிலில் சுமார் ஒரு நிமிடம், மர நிழலில் எட்டுப் பத்து நிமிடம் ஆகும். டைமர் தேவையில்லை. துளையின் கறுப்பு டேப்பை எடுத்துவிட்டு நடந்து போய் நில்லுங்கள். நடந்த சில விநாடி படத்தில் பதியாது. மரத்தில் சாய்ந்து நின்றால் உடம்பு ஆடாது. தலை ஆடிப் படத்தில் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். போட்டோ பேப்பருக்குச் சிவப்பு தெரியாது. நம் தோல் நிறம் இன்னும் கறுத்து விழும். அதனால் முகத்தை வெளிச்சம் வரும் பக்கம் திருப்புங்கள், வெள்ளை வேட்டியைத் தவிருங்கள்.