மோட்டார்ஹோமில் போகும்போது இன்ஜின் விளக்கு எரிந்தால் தொடர்ந்து ஓட்டலாமா?

கேள்வி கேட்டவர் குடும்பத்தோடு அமெரிக்காவில் வாடகை மோட்டார்ஹோம் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள, வீடு மாதிரியான வண்டி) எடுத்துச் சுற்றப் போகிறார். நடுவழியில் இன்ஜின் விளக்கு எரிந்தால் நிறுத்துவதா, அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாமா என்று கேட்கிறார். ஏற்கெனவே வந்திருக்கும் பதில்களில் சிலர் "எல்லாம் சென்சார் கோளாறு, பயப்படாமல் ஓட்டுங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நிலையாக எரிகிறது, டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தில் நிற்கிறது, வண்டியின் இழுவையில் மாற்றம் இல்லை என்றால் நிதானமாக ஓட்டிப் போய் வசதியான இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதே விளக்கு விட்டு விட்டு மினுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். சிவப்பில் ஆயில் கேன் படமோ தெர்மாமீட்டர் படமோ வந்தால் அடுத்த ஊர் என்ற பேச்சே கிடையாது. ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடுகிற இன்ஜினில் பேரிங்குகள் சில நிமிடங்களிலேயே போய்விடும்.

உங்களோடு அப்பா, அம்மாவும் வருவார்கள் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் கோடையில்தான் நம்மவர்கள் பெரும்பாலும் இந்த வண்டியை எடுக்கிறோம். நாங்களும் அப்படித்தான் எடுத்தோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், சங்ககிரியிலிருந்து வந்திருந்த அப்பா. கலிஃபோர்னியாவில் சியரா மலைக்குக் கிழக்கே போகும் 395 நெடுஞ்சாலையில், பிஷப் என்ற ஊரிலிருந்து மாமத் லேக்ஸ் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். பிஷப் கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. அதைத் தாண்டியதும் ஷெர்வின் கிரேடு என்று ஒரு நீண்ட ஏற்றம். அது முடிகிற இடம் 7,000 அடி. கோடை வெயில், டேங்க் நிறையத் தண்ணீர், உள்ளே ஒரு வீட்டுச் சாமான். வண்டி அதன் முழு பலத்தையும் கொடுத்தாக வேண்டிய இடம் அது.

பெட்ரோல் வண்டி, பத்து சிலிண்டர். இந்த வகை வண்டிகளில் இன்ஜினின் பாதி டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய மூடிக்குக் கீழே இருக்கும். நம்மூர் லாரியில், பழைய பஸ்ஸில் பானட் இருக்குமே, அதேபோலத்தான். அப்பா வந்ததிலிருந்தே அந்தப் பக்கத்து சீட்டில்தான். ஏற்றம் பாதிகூட முடியவில்லை, அந்த மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "மாப்ளே, காலை எடுங்க. மிஸ்ஸிங் அடிக்குது" என்றார். என் கணவருக்கு எதுவும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. அவர் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் மஞ்சள் விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

விளக்கு ஏன் மினுக்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அப்போதுதான் "சென்சார்" என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல முடியும். ஒரு சிலிண்டரில் பொறி சரியாக விழவில்லை என்றால் (மிஸ்ஸிங் என்பது அதுதான்) அந்தப் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகும். வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அது சாதாரண ஓட்டத்திலேயே சில நூறு டிகிரி சூட்டில் இருக்கும். எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் சூடு இன்னும் ஏறி, உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகிப் போகலாம். அப்படி நடக்கப் போகிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தான் விளக்கை மினுக்க விடுகிறது. ஏற்றத்தில் மட்டும் இது வருவதற்கும் காரணம் உண்டு. லோடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அந்த அழுத்தத்தில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தருவது இக்னிஷன் காயில். சோர்ந்துபோன காயில் சமதளத்தில் சமாளிக்கும், ஏற்றத்தில் கைவிடும். சமதளம் வந்ததும் மினுக்கல் நின்று விளக்கு நிலையாக எரியும். நம் ஆட்கள் "சரியாகிவிட்டது" என்று கிளம்புவது அந்த இடத்தில்தான்.

எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். கலிஃபோர்னியாவில் கோடையில் சாலையோரப் புல் காய்ந்த வைக்கோலாகக் கிடக்கும். கன்வெர்ட்டர் கொதிக்கும் வண்டியை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினால் வண்டிக்கு அடியில் தீப்பிடிக்கலாம். காட்டுத்தீக்கு அதுவும் ஒரு காரணம் என்று அந்த மாநிலத் தீயணைப்புத் துறை ஒவ்வொரு கோடையும் சொல்கிறது. அதனால் தார் அல்லது வெறும் சரளை உள்ள இடம் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள். எங்களுக்குத் தார் போட்ட ஒதுங்குமிடம் கிடைத்தது. ஹசார்ட் விளக்கைப் போட்டதும் அப்பா இறங்கி முக்கோணப் பலகையை வண்டிக்கு வெகுதூரம் பின்னால், வளைவுக்கு முன்னாலேயே தெரிகிற மாதிரி வைத்துவிட்டு வந்தார். லாரி நின்றால் கல்லும் தழையும் வைத்துப் பழகியவருக்கு எத்தனை அடி என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்னிடம் ஓபிடி ஸ்கேனர் இருந்தது, இன்ஜின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் கருவி. இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும், கட்டைவிரல் அளவு. அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் எல்லாக் கார்களிலும் அதைச் செருகும் பதினாறு முள் சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். மோட்டார்ஹோம்களும் வேன், லாரி அடிச்சட்டத்தில்தான் கட்டப்படுகின்றன என்பதால் இவற்றிலும் பெரும்பாலும் இருக்கும். செருகிப் போனில் பார்த்தேன். பி0303. இதை வாசிப்பது சுலபம். 0300 என்றால் மிஸ்ஸிங், எந்த சிலிண்டர் என்று குறிப்பாகத் தெரியவில்லை. 0301 முதல் போனால் கடைசி இரண்டு இலக்கம்தான் சிலிண்டர் எண். பத்து சிலிண்டர் வண்டியில் 0310 வரை வரும். ஆக, மூன்றாவது சிலிண்டர்.

இனி என் மனக்குறை. வாடகைக் கம்பெனியின் அவசர எண்ணை அழைத்தேன். எடுத்தவர் முதலில் கேட்டது "வண்டி நகருமா" என்று. நகரும் என்றேன். "அப்படியானால் மாமத் வரை மெதுவாக ஓட்டிப் போங்கள், அங்கே ஆள் பார்ப்பார்கள்" என்றார். குறியீட்டைச் சொன்னேன், மினுக்குகிறது என்றும் சொன்னேன். மறுபடியும் அதே பதில். "இதையே எழுத்தில் மெசேஜாக அனுப்புங்கள், கன்வெர்ட்டர் போனால் பொறுப்பு உங்களுடையது என்றும் சேர்த்து எழுதுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பிஷப்பிலிருந்து மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொன்னார்கள். நீங்களும் இதைச் செய்யுங்கள். வாய்ப்பேச்சில் "ஓட்டுங்கள்" என்று சொல்பவர்கள் எழுதித் தரச் சொன்னால் தயங்குவார்கள். எல்லாக் கம்பெனியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. நல்ல அனுபவம் உள்ளவர்கள் கோபப்பட வேண்டாம்.

காத்திருந்த நேரத்தில் ஜெனரேட்டரைப் போட்டு வீட்டுப் பகுதி ஏசியை ஓட்டினோம். இன்ஜின் நின்றாலும் அது தனியாக ஓடும். ஆனால் பெட்ரோல் அதே டேங்கிலிருந்துதான் வருகிறது. டேங்க் கால்வாசிக்குக் கீழே இறங்கினால் ஜெனரேட்டர் நின்றுவிடும், வண்டி ஓட்டப் பெட்ரோல் மிஞ்ச வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். வயதானவர்களும் குழந்தைகளும் கூட இருந்தால் டேங்க் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள்.

மெக்கானிக் வந்து நடுவில் இருந்த அந்த மூடியை வண்டிக்கு உள்ளிருந்தே கழற்றினார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில். மூன்றாவது காயிலைப் பிடுங்கி இரண்டாவதில் போட்டார், இரண்டாவதை மூன்றாவதில் போட்டார். குறியீட்டை அழித்துவிட்டுத் தனியாக ஏற்றத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தார். இப்போது பி0302. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது, அதனால் பிளக்கிலோ இன்ஜெக்டரிலோ இல்லை. காயிலின் ரப்பர் உறையைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கத்தில் முடி போல மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று நீளமாக ஓடியது. பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாகக் கசிந்து இன்ஜின் உடம்பில் இறங்கியிருக்கிறது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் காயிலை மாற்றிப் போட்ட உடனே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. என்னிடம் சொல்லி மொழிபெயர்க்கச் சொன்னார். பழைய டீசல் லாரியில் மிஸ்ஸிங் வந்தால், வண்டியை ஓடவிட்டு, சிலிண்டருக்கு டீசல் கொண்டுபோகும் நாசில் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாக லூஸ் செய்வாராம். நல்ல சிலிண்டரில் லூஸ் செய்தால் இன்ஜின் சத்தம் தடுமாறும். எந்த நட்டை லூஸ் செய்தும் சத்தம் மாறவில்லையோ அந்த சிலிண்டர்தான் செத்தது. கேட்டதும் அந்த மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய அப்பாவும் டிராக்டரில் அதைத்தான் செய்வாராம்.

இதை எழுதும்போது கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். என் கல்யாணப் பேச்சில் அப்பாவை "டிரான்ஸ்போர்ட் தொழில்" என்றுதான் சொந்தக்காரர்கள் அறிமுகப்படுத்தினார்கள். இன்றைக்கும் விசேஷ வீடுகளில் அப்படித்தான். லாரி டிரைவர் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? வாழ்நாள் முழுக்க அந்த பானட் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறாக்கி, கேபினில் படுத்து எங்களைப் படிக்க வைத்தார். வண்டிக்குள் வாழ்வதை நாங்கள் பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்தோம், அவருக்கு அது பிழைப்பாக இருந்தது. இந்தியாவில் பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்பது 2025-இல்தான், அதுவும் புதிதாகத் தயாராகும் வண்டிகளுக்கு மட்டும் வந்தது. அப்பா ஸ்டியரிங்கை விட்டுப் பல வருடம் ஆன பிறகு.

சரி, கேள்விக்கு வருகிறேன். "எல்லா விளக்குக்கும் நிறுத்தினால் ஊர் போய்ச் சேர முடியாது" என்று சிலர் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் நிறுத்தச் சொல்லவில்லை. பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு நிலையான மஞ்சள் விளக்கு வந்தால், பல நேரம் டேங்க் மூடி சரியாக மூடாததுதான். டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று கம்ப்யூட்டர் சோதிக்கும். பி0455, பி0457 என்று வரும். மூடியைக் கிளிக் சத்தம் வரும்வரை திருகிவிடுங்கள். விளக்கு உடனே அணையாது, சில முறை ஓட்டிய பிறகு தானாக அணையும்.

பேட்டரி படம் சிவப்பில் வந்தால் வெறும் பேட்டரி என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங், இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே பெல்ட்டில் சுற்றுகின்றன. பேட்டரி விளக்கோடு ஸ்டியரிங்கும் கனமாகிவிட்டால் பெல்ட் அறுந்திருக்கிறது, அடுத்தது டெம்பரேச்சர் முள் ஏறும். உடனே ஓரம் கட்டுங்கள். மற்றபடி ஏற்றத்தில் மட்டும் முள் மெல்ல ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வையுங்கள், இன்ஜின் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். மரணப் பள்ளத்தாக்குப் பக்கத்து ஏற்றங்களில் ஏசியை அணைக்கச் சொல்லிச் சாலையோரமே பலகை வைத்திருக்கிறார்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது.

மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் வேன் மாதிரி டீசல் வண்டி எடுத்தால் டிஇஎஃப் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். டீசல் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும், 32.5 சதவீதம் யூரியா கலந்த திரவம் அது, டீசல் டேங்கில் தவறியும் ஊற்றக் கூடாது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு லாரிக்காரர்களுக்கு நன்றாகப் பழகிய சங்கதிதான். எச்சரிக்கையைத் தொடர்ந்து கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு கட்டத்தில் வண்டி ஸ்டார்ட் ஆகவே மறுக்கும்.

நான் மெக்கானிக் இல்லை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதையே நம்புங்கள். ஆனால் வாடகை வண்டியைக் கம்பெனியிடமிருந்து எடுக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள். இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கிறார்கள் அல்லது பல்பு போயிருக்கிறது, அந்த வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம் ஸ்கேனரைச் செருகி, இன்ஜின் கம்ப்யூட்டரின் சுயசோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் பக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலானவை முடியவில்லை என்று காட்டினால், பேட்டரியைக் கழற்றியிருக்கலாம், இல்லையென்றால் சமீபத்தில் குறியீட்டை அழித்திருக்கலாம். எது என்று கேட்டுப் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.