மக்களவையில் கோரம், டிவிஷன், கொறடா: கேள்வி பதில்

கேள்வி: பாதி நாற்காலி காலியாக இருக்கும்போதே மசோதா நிறைவேறுவதை டிவியில் பார்க்கிறேன். செல்லுமா?

பதில்: செல்லும். பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் இருந்தால் போதும் என்கிறது அரசியல் சட்டத்தின் 100-வது பிரிவு. இந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைதான் கோரம்; மக்களவைக்கு அது 55 பேர். அதற்கும் குறைந்தால் யாராவது எழுந்து ‘கோரம் இல்லை’ என்று சொல்ல வேண்டும். மணி அடிப்பார்கள், ஆள் சேராவிட்டால் அவை தள்ளிவைக்கப்படும். யாரும் சொல்லாதவரை அவை பாட்டுக்கு நடக்கும்.

கேள்வி: எங்கள் எம்.பி. ஒரு மசோதாவை ஆதரித்தாரா, எதிர்த்தாரா? எங்கே பார்ப்பது?

பதில்: பெரும்பாலான மசோதாக்களுக்கு அந்தப் பதிவே இருக்காது. முதலில் நடப்பது குரல் வாக்கெடுப்பு. எந்தப் பக்கம் குரல் ஓங்கியது என்று சபாநாயகர் அறிவிப்பார். அதை ஏற்காதவர் உடனே டிவிஷன், அதாவது ஓட்டுகளை எண்ணும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும். கேட்டால் லாபிகளை (அவையை ஒட்டிய கூடங்களை) காலி செய்யச் சொல்லி மணி அடிக்கும். மூன்றரை நிமிடம் கழித்து மறுபடி குரல் வாக்கெடுப்பு. அப்போதும் மறுப்பு வந்தால் இருக்கையிலுள்ள பொத்தானை அழுத்தி ஓட்டுப் போடுவார்கள். பெயரோடு பதிவாவது அப்போதுதான். பொத்தான் மாறிப்போனால் முடிவு அறிவிக்கும் முன்பே சொல்லித் திருத்திக்கொள்ளலாம்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. டிவிஷன் அநாவசியம் என்று சபாநாயகர் நினைத்தால், எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணுவதோடு முடித்துவிடலாம், பெயர் பதிவாகாது. எதிர்க்கட்சிகள் மொத்தமாக வெளிநடப்பு செய்த நாளிலோ டிவிஷன் கேட்கவே ஆளிருக்காது. வெளிநடப்பை வீர எதிர்ப்பாகக் கொண்டாடுபவர்கள் இதைச் சொல்வதில்லை.

அரசியல் சட்டத் திருத்தம் என்றால் கதை வேறு. டிவிஷன் கட்டாயம். வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அவையின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேலும் வேண்டும். 543 இடங்களுக்கு அது 272.

கேள்வி: எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சியின் கொறடா போடும் உத்தரவை மீறினால் எம்.பி. பதவி போய்விடுமா?

பதில்: தானாகப் போகாது. 1985-ல் அரசியல் சட்டத்தில் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்), 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் தகுதிநீக்கம் கேட்டு மனு கொடுக்கலாம். தீர்ப்பு சபாநாயகர் கையில். எத்தனை நாளில் தீர்ப்பு என்று அட்டவணை சொல்லவில்லை. மனுக்கள் இழுபடுவது அதனால்தான். ஓட்டுப் போடாமல் ஒதுங்குவதும் மீறல்தான். ஆனால் மீறிப் போட்ட ஓட்டு செல்லும்.

கேள்வி: சபாநாயகருக்கு ஓட்டு?

பதில்: சரிசமமாக நின்றால் மட்டும். 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தபோதுகூட அதற்கு வேலை வரவில்லை.

கேள்வி: எம்.பி. அமைச்சரை எப்படிக் கேள்வி கேட்கிறார்?

பதில்: குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பிறகு குலுக்கல். ஒரு நாள் பட்டியலில் 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாதவை. நட்சத்திரம் இருந்தால் அமைச்சர் வாயால் பதில் சொல்லுவார், துணைக் கேள்வியும் கேட்கலாம். 11 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரம் ஒரு மணி நேரம்தான் என்பதால் முதல் நான்கைந்து கேள்விகளோடு நேரம் தீர்ந்துவிடும். மீதிக்கு எழுத்துப் பதிலே மிச்சம். அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அந்த நான்கைந்தும் போச்சு, அமைச்சருக்கு நிம்மதி.

கேள்வி: பட்ஜெட்டில் 100 ரூபாய் குறைக்கச் சொல்லித் தீர்மானம் கொடுக்கிறார்களே, கேலியா?

பதில்: இல்லை. அது அடையாள வெட்டுத் தீர்மானம்; ஒரு குறிப்பிட்ட குறையை அவையில் பேச வழி. கொள்கையையே எதிர்ப்பவர் மானியத்தை (அந்தத் துறைக்கு அரசு கேட்கும் தொகையை) ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லுவார். ஆனால் கடைசி நாளில் கில்லட்டின் விழும்போது, அதாவது விவாதத்தை வெட்டி நிறுத்தி ஓட்டுக்கு விடும்போது, விவாதிக்காத துறைகளின் மானியக் கோரிக்கைகள் எல்லாம் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும்.