தெரியாமல் எங்கள் பெஞ்சில்

கேள்வி: நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். எங்கள் சபைக்கு இப்போது புதியவர்கள் நிறைய வருகிறார்கள். சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் வடமாநிலத்தவர்கள், பெங்களூருக்குத் தினமும் போய்வரும் இளைஞர்கள் என்று பலதரப்பட்டவர்கள். அவர்களுக்காக ஆராதனையை மாற்ற வேண்டும் என்கிறார்கள் வாலிபர்கள். டிரம்ஸ் வேண்டுமாம், திரையில் பாட்டு வரவேண்டுமாம், பாமாலையைக் குறைக்க வேண்டுமாம். பாவ அறிக்கை புதியவர்களைச் சங்கடப்படுத்துகிறது, அதை எடுத்துவிடலாம் என்றும் சொல்கிறார்கள். கமிட்டியில் இருக்கும் என் கணவர் எதையும் மாற்றக்கூடாது என்கிறார். கொயரில் கிட்டார் வாசிக்கும் என் மகன் எதிர்க்கட்சி. ஞாயிறு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் சண்டையில்தான் முடிகிறது. வருகிறவர்களுக்கும் முறை தெரிவதில்லை. போன மாதம் ஜார்க்கண்ட் குடும்பம் ஒன்று, கையில் ஏதோ இந்திப் பாட்டுப் புத்தகத்தோடு வந்து, தெரியாமல் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. 1984-இல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்காக இங்கே வந்த என் மாமனாரின் நினைவாக நாங்கள் கொடுத்த பெஞ்சு அது. அத்தை, நான், கணவர், பள்ளியில் படிக்கும் மகள் நான்கு பேரும் எப்போதும் அதில்தான் உட்காருவோம். என் கணவர் நல்லவிதமாகச் சொல்லி அவர்களைப் பின்னால் உட்காரவைத்தார். சத்தியத்தை விட்டுக்கொடுக்காமல் புதியவர்களை வரவேற்பது எப்படி?
– ஒரு சகோதரி, ஓசூர்

பதில்: சகோதரி, டிரம்ஸைப் பற்றி அப்புறம் பேசலாம். உங்கள் கடிதத்தில் ‘தெரியாமல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எழுதும்போது நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் அதைத் தாண்டிப் போக முடியாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

என்ன தெரியாமல்? ஆலயத்துக்குள் ஒரு பெஞ்சு ஒரு வீட்டுக்குச் சொந்தம் என்பது தெரியாமல். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெஞ்சின் முதுகில் ‘இன்னாரின் நினைவாக’ என்றுதானே எழுதி வைத்திருப்பீர்கள்? ‘எங்கள் வீட்டார் உட்காருவதற்காக’ என்றா எழுதினீர்கள்? கர்த்தருக்கென்று கொடுத்த பொருள் அது. கொடுத்த அன்றைக்கே உங்கள் கையைவிட்டுப் போய்விட்டது. காணிக்கைப் பையில் போட்ட நூறு ரூபாயை அடுத்த வாரம் போய்த் திருப்பிக் கேட்பீர்களா?

‘நல்லவிதமாகச் சொல்லி’ என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். உங்கள் கணவர் முகத்தைச் சுளித்திருக்க மாட்டார். சிரித்துக்கொண்டே கையை நீட்டிப் பின்பக்கத்தைக் காட்டியிருப்பார். தமிழ் தெரியாத அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கைதான் அன்றைய பிரசங்கம். அதற்குப் பிறகு போதகர் ஐயர் பீடத்தில் ஏறிப் பேசியதில் ஒரு வார்த்தையாவது அவர்களுக்கு விளங்கியிருக்குமா, சொல்ல முடியாது. கை விளங்கியிருக்கும். அவர்கள் அடுத்த வாரம் வந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அவர்கள் பெயரையும் எழுதவில்லை. கேட்டிருந்தால்தானே எழுதுவதற்கு!

இன்னொன்று. கையில் ‘ஏதோ’ இந்திப் பாட்டுப் புத்தகம் என்கிறீர்கள். பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய ஊழியர்கள், இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் ராஞ்சிக்கு வந்தது 1845-இல். 1850-இல் உராவ் பழங்குடி மக்களில் நான்கு பேர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1919-இல் அந்தச் சபை தன் சொந்தக் காலில் நின்றது. அந்தப் பக்கத்தில் நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் கிராமம் கிராமமாக இருக்கிறார்கள். பிழைக்க வந்த ஊரில், ஓய்வு கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில், பாட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கோவிலைத் தேடி வருகிறவர்கள் விசுவாசத்துக்குப் புதியவர்களா? அவர்கள் ஓசூருக்குத்தான் புதியவர்கள்.

ஓசூருக்குப் புதியவராக வந்த இன்னொருவரைப் பற்றியும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் மாமனார். அவர் வந்த வருடத்தைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். திருநெல்வேலித் தமிழோடு வந்தவருக்கு, பூ வாங்கப் போனாலும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும்? முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றிருப்பார். யாரோ ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறார். கொடுத்ததால்தான் அவர் தங்கினார், உங்கள் கணவர் அந்தச் சபையில் வளர்ந்து கமிட்டிக்கு வந்தார், அந்தப் பெஞ்சும் வந்தது. வேலை தேடி வந்த ஒரு மனிதரின் பெயரை எழுதிய பெஞ்சிலிருந்து வேலை தேடி வந்த ஒரு குடும்பத்தை எழுப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பெரியவருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை நீங்கள் செய்திருக்க முடியாது. இதைக் கடுமையாகத்தான் சொல்கிறேன். பெற்றவர்களை மதிப்பது என்றால் அவர்கள் பட்ட பாட்டை நினைவில் வைத்திருப்பது என்றே நான் நம்புகிறேன். பெயிண்டில் பெயர் எழுதுவது அதற்கப்புறம்தான்.

அத்தைக்குக் கால் வலி இருக்கலாம், ஓரத்து இடம் வேண்டியிருக்கலாம். அது நியாயம். ஆனால் நீங்களே கணக்குச் சொல்லியிருக்கிறீர்கள், நான்கு பேர், அதில் ஒருத்தி பள்ளிப் பிள்ளை. சர்ச் பெஞ்சில் ஆறு பேர் உட்காரலாம், நெருங்கினால் ஏழு பேர். எல்லாவற்றையும் கணவர் தலையில் போட்டுவிட்டீர்கள். நீங்கள் அன்றைக்கு ஏன் நகர்ந்து உட்காரவில்லை, அம்மா?

சத்தியம் எங்கே விட்டுக்கொடுக்கப்படுகிறது என்று கேட்கிறீர்கள். அங்கேதான். பொன்மோதிரம் போட்டு வந்தவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, கந்தையோடு வந்தவனை என் பாதபடியண்டை உட்கார் என்று சொன்னால் நீங்கள் தகாத நீதிபதிகள் அல்லவா என்று யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் கேட்கிறார். கிட்டாரைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை, உட்காரும் இடத்தைப் பற்றி எழுதினார். நம் தமிழ்ச் சபைகளின் சரித்திரமும் இதையேதான் காட்டுகிறது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் பெருங்கூட்டமாக ஆட்கள் வெளியேறினார்கள். எதற்காக? யார் யாரோடு உட்காருவது, திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிப்பதா என்பதற்காக. விசுவாசப் பிரமாணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். உங்கள் பெஞ்சில் சாதி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். ‘எங்கள் இடம்’ என்ற நினைப்பு இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒரே வேரில் முளைத்தவை.

நான் சிறுபெண்ணாக இருந்தபோது தர்மபுரிப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். ஓட்டுக் கட்டடம்தான் கோவில். பெஞ்சு கிடையாது, கோரைப்பாய். ஒரு ஞாயிறு, கல் உடைக்கும் வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து வாசற்படியிலேயே நின்றாள். தெலுங்கு மட்டும்தான் பேசுவாள். முந்தானை ஓரமெல்லாம் கல்தூசி. என் அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்து, “தள்ளி உட்காரு” என்றார். சொன்னது என்னிடம், வந்தவளிடம் அல்ல. பாயில் உண்டான இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். அவள் வந்து உட்கார்ந்தாள். அம்மா தன் கீர்த்தனைப் புத்தகத்தை அவள் மடியில் விரித்து, பாடப் பாட ஒவ்வொரு வரியின் கீழும் விரலை நகர்த்திக்கொண்டே போனார். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்பது எனக்கே தெரிந்தது. ஆனாலும் அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சரணத்தில் அவளும் மெதுவாக ‘ம்ம்’ என்று ராகம் இழுத்தாள். அந்தக் காலத்தில் எங்கள் சபையில் ‘வரவேற்புக் குழு’ என்று ஒன்று கிடையாது.

சரி, இப்போது உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

பாட்டு, வாத்தியம், மொழி, நேரம் இவையெல்லாம் மாறக்கூடியவை. மாறிக்கொண்டே வந்தவையும்கூட. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியபோது இங்கே பாமாலை இருந்ததா? ஜெர்மன் ராகத்தில் தமிழ்ச் சொல்லை வைத்துப் பாடினார்கள், அது இன்றைக்கு நமக்குப் ‘பழைய பாட்டு’. வேதநாயக சாஸ்திரியார் நம் ஊர் ராகத்தில் கீர்த்தனை பாடியதும் ஒரு காலத்தில் புதுமைதான். ஆர்மோனியத்தைப் பாரம்பரியம் என்கிறோம், அது பாரிஸில் 1842-இல் பதிவான கருவி. எலத்தகிரிப் பக்கத்தில் கத்தோலிக்கப் பாட்டிமார் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சிறு வயதில் லத்தீன் பூசைதான் பார்த்திருப்பார்கள். 1963-இல் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு இடம் கொடுத்த பிறகுதான் பூசை தமிழுக்கு வந்தது. அதனால் சத்தியம் எதுவும் உடைந்துபோகவில்லை. ‘எதையும் மாற்றக்கூடாது’ என்று உங்கள் கணவர் காத்து நிற்பது பெரும்பாலும் அவர் சிறுவயதில் கேட்டுப் பழகியதை. அந்தப் பிரியம் எனக்கும் உண்டு. அதற்குச் சத்தியம் என்று பெயர் வைக்காதீர்கள். திரை வரட்டும். டிரம்ஸும் வரட்டும், கொஞ்சம் மெதுவாக அடித்தால் அத்தைக்கும் நல்லது.

ஆனால் பாவ அறிக்கையில் கை வைக்கக்கூடாது. உங்கள் மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். புதியவர்கள் சங்கடப்படுவார்கள் என்று யார் சொன்னது? ஒருவரையாவது கேட்டார்களா, இல்லை, தங்களுக்கு இருக்கும் சங்கடத்தை அவர்கள் பெயரில் சொல்கிறார்களா? கமிட்டி மெம்பரும், நேற்றைக்கு வந்தவனும், பெஞ்சு கொடுத்தவரும், பெஞ்சிலிருந்து எழுப்பப்பட்டவரும் ஒரே வாயாக ‘நாங்கள் பாவம் செய்தோம்’ என்று சொல்லும் இடம் ஆராதனையில் அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டு, வந்தால் ஆசீர்வாதம், விசுவாசித்தால் வீடு கார் என்று பேசிக் கூட்டம் சேர்க்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். வீடும் காரும் வராதபோது அந்தக் கூட்டம் கலைந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். சிலுவையைச் சொல்லாமல் ஒருவனை உள்ளே அழைப்பது ஏமாற்று. ஏழையை ஏமாற்றுவது இரட்டைப் பாவம்.

பாவ அறிக்கையை எடுக்க வேண்டாம், புரியவையுங்கள். அந்நிய பாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிடப் புரியும்படி ஐந்து வார்த்தைகள் மேல் என்று கொரிந்தியருக்கு எழுதினவர் பவுல். புரியாதவன் ஒருவன் உள்ளே வந்தால் உங்களைப் பைத்தியம் என்று நினைக்க மாட்டானா என்றும் அதே அதிகாரத்தில் கேட்கிறார். புதிதாக வந்தவனை மனதில் வைத்து ஆராதனையை ஒழுங்கு செய்யச் சொன்னதும் அவர்தான், செய்தியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்க விடாதவரும் அவர்தான். உங்கள் மகனுக்கு வேலை வேண்டுமென்றால் இதைச் செய்யட்டும்: அறிக்கை ஜெபத்தையும் அன்றைய வேதபாடத்தையும் இந்தியில் திரையில் போடட்டும். கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியில் சேர்ந்து சொல்லலாம் என்று ஐயர் அறிவிக்கட்டும். பாட்டு எண்ணை இரண்டு தடவை சொல்லட்டும். எப்போது நிற்பது, எப்போது முழங்காலிடுவது என்று ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்? திருவிருந்து நாளில் யார் முன்னே வரலாம் என்பதைத் தொடங்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வரிசையில் வந்து நின்றவனைப் பீடத்தருகே திருப்பி அனுப்புகிற கொடுமை நடக்கக்கூடாது. தயவுசெய்து புதியவர்களை எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டாதீர்கள், போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவர்கள் கண்காட்சிக்கு வரவில்லை.

இந்த வாரம் ஒரு நாள் சாயங்காலம் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, ஓசூருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது, யார் இடம் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கணவரும் மகனும் பக்கத்தில் இருக்கும்போதே கேளுங்கள். அவர்கள் சண்டையை நிறுத்த என்னிடம் இருக்கும் யோசனை அது ஒன்றுதான்.

அப்புறம் அந்தக் குடும்பம் எந்த லைன் வீட்டில் குடியிருக்கிறது என்று விசாரியுங்கள். சபைக்கு வரும் மற்ற வடமாநிலப் பிள்ளைகளைக் கேட்டால் தெரிந்துவிடும். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், உங்கள் கணவர் சனிக்கிழமை சாயங்காலமே போகட்டும். முதலில் பெயரைக் கேட்கட்டும். நாளைக்கு வாருங்கள் என்று கூப்பிடட்டும், அந்தப் பாட்டுப் புத்தகத்தையும் எடுத்து வரச் சொல்லட்டும். ஆராதனைக்கு வந்ததும் சொல்ல இந்தியில் ஒரே ஒரு வார்த்தை தெரிந்தால் போதும், ‘பைட்டியே’. உட்காருங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டு அவர் நகர்ந்து உட்கார வேண்டும். சனிக்கிழமை போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அவர்களை எழுப்பி அனுப்பியதை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்.