கறுப்பின் எடை

கடிதம்:

அன்புள்ள ஐயா,
டர்பனில் நடக்கும், பல கலைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் சேர்ந்த குழுக் கண்காட்சிக்கு மகளோடு போய்வந்தேன். வாசலில் 'சமநிலை, இசைவு' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். உள்ளே கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஒன்றுமில்லை. கோயில் கோபுர வண்ணங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பல படங்கள் கறுப்பாகவே கிடந்தன. இதில் சமநிலை எங்கே? அதுவும் இந்தத் தென்னாப்பிரிக்காவில் கறுப்பையும் வெள்ளையையும் பக்கத்தில் வைத்து இசைவு என்று பெயர் சூட்டுவது ரொம்பச் சுலபமான வேலையாகப் படுகிறது.
ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் எரிச்சல் நியாயமானது. எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று பிரித்து 1950-ல் வந்த குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்து சாட்ஸ்வர்த்தில் கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்கள் எத்தனை! நிறத்தைப் பார்த்துக் கோடு கிழித்த நாட்டில் இப்படி ஒரு பலகை வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் கோபத்தை அந்தப் பலகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படங்கள் அந்தப் பேச்சைப் பேசவில்லை.

இடப்பக்கச் சுவரில் ஒரு லினோகட், அதாவது லினோலியத்தில் செதுக்கி அச்செடுத்த படம், இருந்ததே, கதவருகே உட்கார்ந்திருக்கும் பாட்டி. முக்கால்வாசிக்கு மேல் கறுப்பு. பாட்டி வலது ஓரத்தில். இடது ஓரத்துக் கதவிடுக்கில் மெல்லிய வெள்ளைக் கீற்று. தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, அந்தக் கீற்றைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். படமே வலப்பக்கம் சாய்ந்துவிட்டது. விரலை எடுத்ததும் நிமிர்ந்தது. சமநிலையைப் பரப்பளவில் தேடினால் அகப்படாது, எடையில் தேட வேண்டும். ஒரு விரற்கடை வெள்ளை ஒரு முழக் கறுப்பைத் தாங்கும்.

அந்த வெள்ளை எப்படி வருகிறது தெரியுமா? லினோலியம் என்பது தரையில் விரிக்கிற பொருள்தான். உளியால் செதுக்கிய இடத்தில் மை ஏறாது, அங்கே காகிதமே வெள்ளையாக நிற்கும். ஒன்றும் செதுக்காவிட்டால் முழுக் கறுப்பாக அச்சாகும். ஆக, ஒவ்வொரு வெள்ளையும் கறுப்பிலிருந்து தோண்டி எடுத்தது. இடது வலதாக மாறி அச்சாகும் என்பதையும் நினைவில் வைத்தே வெட்ட வேண்டும். ஒரு கோடு தவறினால் ஒட்டவைக்க வழியில்லை.

இது நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வேர் விட்ட கலை. 1960களில் சுவீடனிலிருந்து வந்த பீடர், உல்லா கோவேனியுஸ் தம்பதி நடத்திய ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலை, கைவினை மையத்தில்தான் லினோகட்டுக்குப் பேர்போன அசாரியா ம்பாத்தாவும் ஜான் முவாஃபங்கெஜோவும் பயின்றார்கள். கறுப்பின மாணவர்களுக்குக் கலைக் கல்லூரிக் கதவுகள் பெரும்பாலும் அடைத்தே இருந்த காலம். அச்சு இயந்திரம் இல்லாவிட்டாலும் கரண்டியின் முதுகால் தேய்த்து அச்செடுக்கலாம், ஒரே பலகையில் பல பிரதிகள் எடுக்கலாம். ம்பாத்தா விவிலியக் கதைகளை ஆப்பிரிக்க முகங்களோடு வெட்டினார். வண்ணம் இல்லாததை அவர் படங்களில் ஒரு குறையாக என்னால் நினைக்கவே முடியவில்லை.

இசைவு என்றால் இனிமை என்றும் இல்லை. தென்னாப்பிரிக்க ஓவியர் டுமிலே ஃபெனி 1967-ல் கரியால் வரைந்த 'ஆப்பிரிக்கன் குவெர்னிகா'வில் இனிமை துளியும் கிடையாது. ஆனாலும் மனிதரும் விலங்குமாக நெருக்கியடிக்கும் அந்த உருவங்களில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்றவை நிற்காது.

எனக்கும் ஒரு குறை உண்டு, அது மாட்டிய விதத்தில். எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுச் சட்டம், ஒரே இடைவெளி. அடர்ந்த கறுப்புப் படத்தைச் சுற்றிச் சுவர் நிறைய வேண்டும், அதைத் தரவில்லை. மங்கலான பென்சில் கோட்டுப் படம் இரண்டு லினோகட்டுக்கு நடுவே மூச்சுத் திணறியது. குழுக் கண்காட்சியில் யார் பக்கத்தில் யார் என்பது பாதி வேலை. உங்களுக்குக் கண் களைத்துப்போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாதக் கடைசி வரை திறந்திருக்கும். மகளை இன்னொரு தடவை அழைத்துப் போங்கள். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள், விவரங்கள் மங்கித் திட்டுகள் மட்டும் தெரியும். எந்தத் திட்டு எதை இழுத்துப் பிடிக்கிறது என்று அவள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.